கீழறையில் தண்ணீர்: சுவரோடு மல்லுக்கட்டிய இரண்டு வருடம்

கீழறை மூலையில் இருந்த அட்டைப்பெட்டியைத் தூக்கினேன். பெட்டி மட்டும் கையோடு வந்தது. அதன் அடிப்பாகமும் உள்ளே இருந்த போட்டோ ஆல்பங்களும் தரையிலேயே தங்கிவிட்டன. வீட்டுக்குள் தண்ணீர் வருகிறது என்பது அன்றைக்குத்தான் எங்களுக்குத் தெரிந்தது. ஆனால் அது வர ஆரம்பித்து மாதக்கணக்கில் ஆகியிருக்க வேண்டும். பெட்டிக்குப் பின்னால் சுவர் முழுக்க உப்புப் பூத்து, விரலால் தொட்டால் வெள்ளை மாவாக உதிர்ந்தது.

கீழறை என்று நான் சொல்வது தரைமட்டத்துக்குக் கீழே இருக்கும் பேஸ்மென்ட்டை. கொத்தனார்கள் ‘பேஸ்மட்டம்’ என்று சொல்வது வேறு. அது தரைக்கு மேலே எழுப்புகிற மேடை. இந்த ஒரு சொல்லாலேயே ஆரம்பத்தில் நான் போனில் விளக்கியது பாதிப் பேருக்குப் புரியவில்லை.

உப்பைப் பூஞ்சணம் என்று நினைத்து முதலில் பயந்துவிட்டேன். ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டுப் பார்த்தால் வித்தியாசம் தெரிந்துவிடும்: உப்பு கரையும், பூஞ்சணம் கரையாது. உப்பால் ஆளுக்குக் கெடுதல் இல்லை. தண்ணீர் சுவருக்குள் புகுந்து, இந்தப் பக்கம் வந்து ஆவியாகி, சிமென்ட்டிலும் மண்ணிலும் இருந்த உப்பை மட்டும் இங்கே இறக்கிவைத்துவிட்டுப் போயிருக்கிறது, அவ்வளவுதான். சுரண்டித் துடைத்துவிடலாம் என்று கை பரபரக்கும். துடைப்பதற்கு முன்னால் ஒரு போட்டோ எடுத்துவைத்துக்கொள்ளுங்கள். உப்பு எந்த உயரம் வரை ஏறியிருக்கிறது, எந்தப் பக்கம் அடர்த்தியாக இருக்கிறது என்பது பின்னால் வேண்டியிருக்கும். நான் எடுக்கவில்லை. துணியால் பளிச்சென்று துடைத்துவிட்டு, ஏதோ சாதித்துவிட்ட திருப்தியோடு மேலே போனேன்.

முதல் சந்தேகம் வாஷிங் மெஷின் மேல்தான். இரண்டு நாள் அதைத் துவைக்கவிடாமல் சும்மா போட்டுவைத்தோம். ஈரம் அப்படியே இருந்தது. அடுத்த சந்தேகம் சுவருக்குள் போகும் குழாய். அதற்கு ஒரு எளிய வழி உண்டு: வீட்டில் ஒரு குழாயையும் திறக்காமல், கழிவறைத் தொட்டிகூட நிரம்பாத நேரமாகப் பார்த்து, தண்ணீர் மீட்டரின் எண்ணைக் குறித்துக்கொண்டு ஒரு மணி நேரம் கழித்துத் திரும்பப் பார்ப்பது. முள் நகர்ந்திருந்தால் குழாயில் எங்கோ ஒழுகுகிறது. எங்கள் மீட்டர் அசையவே இல்லை. குழாய் தப்பித்தது, நான் மாட்டிக்கொண்டேன்.

அப்புறம் ‘காற்றோட்டம் இல்லாததால் வரும் ஓதம்’ என்று வீட்டில் முடிவு செய்து, கீழறை ஜன்னல்களைப் பகலெல்லாம் திறந்துவைத்தோம். நல்ல புழுக்கமான மாதம் அது. ஒரே வாரத்தில் எல்லாச் சுவரும் வியர்த்தது. காரணம் பின்னால்தான் புரிந்தது. 30 டிகிரி வெப்பமும் 70 சதவீத ஈரப்பதமும் உள்ள காற்று, 24 டிகிரிக்குக் கீழே குளிர்ந்திருக்கும் எதைத் தொட்டாலும் அங்கே நீர் கோத்துக்கொள்ளும். மண்ணுக்குள் புதைந்த சுவர் எப்போதும் குளிர்ச்சியாகத்தான் இருக்கும். ஆக, நாங்களே வெளியிலிருந்து தண்ணீரைக் காற்றோடு உள்ளே அழைத்து வந்திருக்கிறோம். புழுக்கக் காலத்தில் கீழறை ஜன்னலை மூடிவைத்து, ஈரப்பதம் உறிஞ்சும் இயந்திரத்தை ஓடவிடுவதே சரி. ஈரப்பதத்தைக் காட்டும் சின்ன மீட்டர் ஒன்று வாங்கி மாட்டினேன். அது 50க்குப் பக்கத்தில் இருந்தால் நிம்மதி. 60ஐத் தாண்டினால் பூஞ்சணத்துக்குக் கொண்டாட்டம்.

வியர்வையா, கசிவா என்று பிரித்துப் பார்க்க ஒரு சோதனை இருக்கிறது. அலுமினியத் தாளை ஓர் அடிச் சதுரத்துக்கு வெட்டி, சுவரை நன்றாகத் துடைத்துக் காயவைத்து, நான்கு ஓரமும் காற்றுப் புகாமல் டேப் ஒட்டி இரண்டு நாள் விட்டுவிட வேண்டும். தாளின் வெளிப்பக்கம் நனைந்திருந்தால் அது அறைக் காற்றிலிருந்து வந்த வியர்வை. தாளுக்குப் பின்னால் நனைந்திருந்தால் சுவர் வழியாகப் பொசிகிறது. நான் நான்கு இடங்களில் ஒட்டினேன். மூன்றில் வெளிப்பக்கம் ஈரம். அட்டைப்பெட்டி இருந்த அந்த மூலையில் மட்டும் பின்பக்கம் சொட்டச் சொட்ட இருந்தது. வீட்டில் ஒரே நோய்தான் என்று நினைத்துக்கொண்டிருந்தேன், இரண்டு இருந்தன.

இத்தோடு வெளியே போய்ப் பார்த்திருந்தால் கதை சீக்கிரம் முடிந்திருக்கும். நான் பெயின்ட் வாங்கப் போனேன்.

நீர்ப்புகாப் பெயின்ட் என்று டப்பாவில் போட்டிருந்தது. இரண்டு கோட் அடித்தேன். நான்கு மாதம் சுவர் புது மாப்பிள்ளை போல இருந்தது. மழைக்காலம் வந்ததும் கொப்புளம் கொப்புளமாக எழும்பியது. ஒரு கொப்புளத்தை ஆணியால் குத்தினேன், தண்ணீர் பீய்ச்சிக்கொண்டு வந்தது. பெயின்ட்டைக் குறை சொல்லிப் பயனில்லை. சுவருக்கு அந்தப் பக்கம் மண்ணில் ஒரு மீட்டர் உயரத்துக்குத் தண்ணீர் தேங்கி நின்றால், சுவரின் அடியில் ஒவ்வொரு சதுர மீட்டரிலும் கிட்டத்தட்ட ஒரு டன் எடை அழுத்துகிறது. அதை அறைக்குள் இருந்துகொண்டு ஒரு மில்லிமீட்டர்கூட இல்லாத பூச்சால் எதிர்த்துத் தள்ளுவது நடக்காத காரியம். வெளிப்பக்கம் பூசினால் தண்ணீரே பூச்சைச் சுவரோடு சேர்த்து அழுத்தும். உள்பக்கம் பூசினால் அதே தண்ணீர் பூச்சைப் பிய்த்துத் தள்ளும். கான்கிரீட்டின் நுண்துளைகளுக்குள் ஊறிப் படிகமாக வளர்ந்து அடைக்கிற சில பூச்சுகள் உள்பக்கத்திலும் தாக்குப்பிடிக்கும். அவையும் பழைய பெயின்ட்டை முழுக்கச் சுரண்டி எடுத்த வெற்றுச் சுவரில்தான் பிடிக்கும். இரண்டு கோட் பெயின்ட்டைச் சுரண்ட எனக்கு மூன்று வார இறுதி நாட்கள் போயின.

அந்த மழைக்காலத்தில்தான் ஒரு ராத்திரி கணுக்கால் அளவு தண்ணீர் நின்றது. மேல்படியிலிருந்து பார்த்ததும் பெட்டிகளைக் காப்பாற்ற வேண்டும் என்ற ஒரே நினைப்பில் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கினேன். கடைசிப் படியில் கால் வைக்கப் போகும்போது மனைவி மேலிருந்து போட்ட சத்தம் இன்னும் காதில் இருக்கிறது. “எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் கீழதான கிடக்கு!” ஆமாம், தரையில்தான் கிடந்தது, சுவிட்ச் போட்டபடி, தண்ணீருக்குள். திரும்பி ஏறி, உலர்ந்த இடத்தில் இருந்த மெயின் சுவிட்சை அணைத்துவிட்டு, டார்ச்சோடு இறங்கினேன். மெயின் போர்டே கீழறையில் இருந்து, தண்ணீரில் நின்றுதான் அதைத் தொட வேண்டும் என்றால் தொடவே கூடாது; மின்சாரக்காரர்கள் வந்து வெளியே துண்டிக்கும் வரை காத்திருக்க வேண்டும். தரைவடிகால் வழியாகச் சாக்கடை எதிர்த்து வந்திருந்தால் அது வேறு கதை. கையுறையும் பூட்ஸும் இல்லாமல் கிட்டே போகக்கூடாது. அங்கே செய்ய வேண்டிய வேலையும் வேறு, கழிவுக் குழாயில் எதிரோட்டத்தைத் தடுக்கும் வால்வு போட வேண்டும்.

நனைந்தவற்றை 24 முதல் 48 மணி நேரத்துக்குள் காயவைத்தால் பூஞ்சணம் பெரும்பாலும் பிடிக்காது. எங்களால் பாதியைத்தான் அப்படிக் காப்பாற்ற முடிந்தது. கம்பளத்துக்கு அடியில் இருக்கும் பஞ்சு விரிப்பைக் காயவைக்க முயல வேண்டாம், அது தூக்கிப்போட வேண்டியதுதான். ஜிப்சம் பலகை விளக்குத் திரிபோல ஈரத்தை மேலே இழுக்கும். தண்ணீர் நின்றது அரையடி என்றால் ஈரம் ஒன்றரை அடியில் இருந்தது. அதுவரைக்கும் அறுத்தெடுத்தோம்.

அதன் பிறகு ஆட்களைக் கூப்பிட்டோம். மூன்று பேர் வந்தார்கள். ஒருவர், வீட்டைச் சுற்றிலும் தோண்டி வெளிச்சுவர் முழுக்க நீர்த்தடுப்பு ஒட்ட வேண்டும் என்றார். இரண்டாமவர், உள்ளே தரை ஓரம் முழுவதும் உடைத்துக் குழாய் பதிக்க வேண்டும் என்றார். மூன்றாமவர் சுவரைத் தட்டிப் பார்த்துவிட்டு, விரிசலில் ரசாயனம் ஏற்றினால் சரியாகிவிடும் என்றார். ஒவ்வொருவரும் அவரவர் விற்கும் மருந்துக்கு ஏற்ற வியாதியைக் கண்டுபிடித்தார்கள் என்று அப்போது எரிச்சலாக இருந்தது. யோசித்துப் பார்த்தால் மூன்றுமே மெய்யான வைத்தியங்கள்தான். ஆனால் மூவரும் வந்தது நல்ல வெயில் நாட்களில். ஒருவர்கூட வீட்டைச் சுற்றி நடந்து பார்க்கவில்லை.

பக்கத்து வீட்டுப் பெரியவர் ஓய்வுபெற்ற சிவில் இன்ஜினியர். அவரிடம் புலம்பியபோது ஒன்றே ஒன்று சொன்னார்: “அடுத்த தடவ நல்ல மழை பெய்யும்போது என்னைக் கூப்பிடுங்க தம்பி. வெயில்ல வந்து நான் எதைப் பார்க்க?”

பத்து நாள் கழித்துக் கொட்டும் மழையில் குடையோடு வந்தார். கீழே இறங்கவே இல்லை. வீட்டைச் சுற்றி மெதுவாக ஒரு சுற்று வந்தார். அந்த மூலைக்கு நேர் வெளியே, அடர்ந்த செடிக்குப் பின்னால், கூரையிலிருந்து இறங்கும் மழைநீர்க் குழாயின் இணைப்பு விட்டுப்போய், மொத்தத் தண்ணீரும் சுவரோரம் ஒரு குழியில் விழுந்துகொண்டிருந்தது. “இங்க பாருங்க தம்பி, உங்க ஊத்து” என்றார். அதோடு விடவில்லை. நடைபாதைக் கற்களைக் காட்டி, “இதை யார் போட்டது?” என்று கேட்டார். நான்தான். ஒரு கோடை முழுக்க ஆசையாகப் பதித்தது. மட்டம் பார்க்காமல் போட்டதில் வாட்டம் வீட்டைப் பார்த்து இருந்தது. மழைத்தண்ணீர் அதன் மேல் ஓடி வந்து சுவரைத் தொட்டு நின்றது. சுவரை ஒட்டிப் பூச்செடிக்காக நாங்கள் கட்டிய பாத்தி அதை அங்கேயே பிடித்துவைத்தது.

கணக்குப் போட்டுக் காட்டினார். 100 சதுர மீட்டர் கூரையில் 25 மில்லிமீட்டர் மழை பெய்தால் 2,500 லிட்டர் தண்ணீர். நான்கு மூலையில் நான்கு குழாய் என்றால் ஒரு மூலைக்கு 600 லிட்டருக்கு மேல். ஒரே மழையில் அத்தனை தண்ணீரையும் நான் என் சுவருக்குப் பின்னால் ஊற்றிவிட்டு, உள்ளே உட்கார்ந்து பெயின்ட் அடித்துக்கொண்டிருந்திருக்கிறேன். அஸ்திவாரத்துக்குத் தோண்டிவிட்டுத் திரும்ப மூடிய மண் சுற்றியுள்ள பழைய மண்ணைவிடத் தளர்வாக இருக்கும் என்றும் சொன்னார். தண்ணீர் அதில் சுலபமாக இறங்கும். சுற்றிலும் களிமண்ணாக இருந்தால் வெளியேற வழியில்லாமல் கிண்ணத்தில் நிற்பது போல அங்கேயே நிற்கும். வருடம் போகப் போக அந்த மண் அமுங்கிச் சுவரோரம் பள்ளமாகவும் ஆகிவிடும்.

செய்த வேலை எதுவும் பெரிய வித்தை இல்லை. குழாயை இணைத்து, அதன் வாயை இரண்டு மீட்டருக்கு மேல் தள்ளி, தாழ்வான பக்கமாகத் திருப்பினோம். கூரைக் கால்வாயில் மக்கிப்போன இலைகளை அள்ளினோம். அடைத்துக்கொண்டால் தண்ணீர் விளிம்பைத் தாண்டி நேராகச் சுவரடியில் விழும். பாத்தியை எடுத்துவிட்டு, சுவரோரம் களிமண் கலந்த மண்ணைக் கொட்டி, தட்டி, முதல் மூன்று மீட்டரில் 15 செ.மீ. இறங்கும்படி வாட்டம் கொடுத்தோம். இதற்கு மணல் போடக்கூடாது, மணல் தண்ணீரை நேராகக் கீழே இறக்கிவிடும். மண்ணை ஏற்றும்போது மேல்சுவரின் மரப் பலகையைத் தொடாமல் ஒரு சாண் இடைவெளியும் விட வேண்டும், இல்லையென்றால் கரையான் வரும். நடைபாதைக் கற்களைப் பெயர்த்துத் திரும்பப் பதித்ததுதான் வயிற்றெரிச்சலான வேலை.

மண் வேலை முடிந்ததும் மழைக்குக் காத்திருக்கப் பொறுமை இல்லை. தோட்டத்துக் குழாயை வைத்துச் சோதித்தேன். ஒரே சமயத்தில் எல்லா இடத்திலும் அடித்தால் ஒன்றும் தெரியாது. ஒரு இடத்தில் தரையோரம் 20 நிமிடம் ஓடவிட்டு, உள்ளே ஒரு ஆளை நிறுத்திவைத்து, அப்புறம் அடுத்த இடத்துக்கு நகர வேண்டும். கீழிருந்து மேலே போக வேண்டும். மேலே ஆரம்பித்தால் வழிந்து வருகிற தண்ணீர் எல்லாவற்றையும் குழப்பிவிடும். அப்படித்தான் இரண்டாவது ஓட்டை தெரிந்தது: சுவரைத் துளைத்து வரும் ஒரு பழைய குழாயைச் சுற்றி இருந்த இடைவெளி. அதற்கு உடனே இறுகும் ஹைட்ராலிக் சிமென்ட் போதுமானதாக இருந்தது. துளையை உள்ளே அகலமாகவும் வாயில் குறுகலாகவும் கொத்திக்கொள்ள வேண்டும். அப்போதுதான் அடைப்பு வெளியே தள்ளப்படாமல் ஆப்பு மாதிரி நிற்கும். கலந்து மூன்று, நான்கு நிமிடத்தில் கல்லாகிவிடும் என்பதால் ஒரு கைப்பிடிக்கு மேல் கலக்காதீர்கள். நான் முதல் தடவை ஒரு வாளி கலந்தேன். வாளியும் போயிற்று.

நேராக மேலிருந்து கீழே ஓடும் ஒரு மெல்லிய விரிசலும் இருந்தது. கான்கிரீட் காயும்போது சுருங்குவதால் வருவது அது, பெரும்பாலும் ஆபத்தில்லை. ஆள் வைத்து அதற்குள் பாலியூரித்தேன் என்ற ரசாயனத்தை ஏற்றினோம். ஈரம் பட்டால் நுரைத்துப் பெருகி அடைத்துக்கொள்ளும், சுவர் லேசாக அசைந்தாலும் கூடவே நெளிந்துகொடுக்கும். எபாக்சி என்றால் சுவரைத் திரும்ப ஒட்டிப் பலம் தரும், ஆனால் விரிசல் காய்ந்திருக்க வேண்டும். படுக்கைவாட்டில் விரிசல் ஓடினாலோ, சுவர் உள்பக்கம் உப்பியிருந்தாலோ, செங்கல் வரிசையில் படிக்கட்டு போலப் பிளந்திருந்தாலோ அடைக்கிற வேலையைப் பற்றியே பேச வேண்டாம். முதலில் கட்டமைப்பு இன்ஜினியர் பார்க்க வேண்டும்.

இவ்வளவுக்கும் பிறகு சாதாரண மழைக்குக் கீழறை காய்ந்தே இருந்தது. மூன்று நாள் விடாமல் பெய்தால் மட்டும் தரையும் சுவரும் சேரும் இடத்தில் ஒரு நூல் போலத் தண்ணீர் வந்தது. சுவர் வேறாகவும் தரை வேறாகவும் வார்த்த இடம் என்பதால் அங்கே இயல்பாகவே ஒரு இணைப்பு இருக்கும். நிலத்தடி நீர்மட்டம் கீழறைத் தரைக்கு மேலே ஏறினால் அந்த வழியாகத்தான் எட்டிப் பார்க்கும். அதை அடைத்தால் வேறு இடத்தில் வரும். வருகிற தண்ணீருக்கு ஒரு வழி விட்டு, பிடித்து வெளியே அனுப்புவதுதான் ஒரே தீர்வு. இரண்டாவதாக வந்தவர் சொன்ன வைத்தியத்தின் ஒரு சின்னப் பகுதி கடைசியில் வேண்டியதாயிற்று. அந்த ஒரு பக்கம் மட்டும் தரையோரத்தை உடைத்து, துளையிட்ட குழாயை வடிகட்டித் துணி சுற்றி ஜல்லிக்குள் பதித்து, மூலையில் 60 செ.மீ. ஆழத்தில் ஒரு குழி எடுத்து மோட்டார் வைத்தோம். இதையும் சம்ப் என்றே சொல்கிறார்கள். குடிநீர் தேக்கும் சம்ப் இல்லை. தேங்கவிடாமல் இறைப்பதற்கான சம்ப்.

மோட்டார் ஓட ஆரம்பித்தது. ஓடியது, ஓடியது, ஓடிக்கொண்டே இருந்தது. மூன்று நிமிடத்துக்கு ஒரு தடவை. ‘எவ்வளவு ஊற்று பார்’ என்று பெருமையாகக்கூடப் பேசினேன். பெரியவர் மறுபடி குடையோடு வந்து, வெளியேற்றும் குழாயின் வாய் சுவரிலிருந்து ஒரு முழம்தான் தள்ளி இருப்பதைக் காட்டினார். ஒரே தண்ணீரைத்தான் நான் சுற்றிச் சுற்றி இறைத்துக்கொண்டிருந்தேன். நான்கு மீட்டர் தள்ளி வைத்ததும் மோட்டார் மணிக்கணக்கில் தூங்கியது. இதோடு இன்னும் சில. குழாயில் செக் வால்வு இல்லாவிட்டால் மோட்டார் நிற்கும்போதெல்லாம் மேலே ஏறிய தண்ணீர் குழிக்கே திரும்பிவிடும். தண்ணீர் ஏறினால் மோட்டாரைக் கிளப்பி, இறங்கினால் நிறுத்தும் மிதவை குழியின் சுவரில் உரசி மாட்டிக்கொண்டால் மோட்டார் கிளம்பாது, அல்லது நிற்காமல் ஓடி எரிந்துபோகும். மழைக்காலத்துக்கு முன்னால் ஒரு வாளித் தண்ணீரை ஊற்றி அது கிளம்புகிறதா என்று பார்த்துவிட வேண்டும். பெருமழையும் மின்வெட்டும் சேர்ந்தே வருகிறவை, ஆகவே பேட்டரியில் ஓடும் இரண்டாவது மோட்டார் ஆடம்பரம் இல்லை.

பெரியவர் சொன்ன இன்னொன்றும் இங்கே சேர்த்துவிடுகிறேன். எனக்கு நல்லவேளையாகத் தேவைப்படவில்லை. வெள்ளத்தில் கீழறை பாதிக்கு மேல் மூழ்கிவிட்டால், வெளியே தண்ணீர் வடிந்ததும் அவசரப்பட்டு ஒரேயடியாக இறைத்துவிடக் கூடாது. வெளியே மண் இன்னும் ஊறிப்போய் சுவரைத் தள்ளிக்கொண்டிருக்கும். உள்ளே இருக்கும் தண்ணீர்தான் அதை எதிர்த்துப் பிடித்திருக்கும். ஒரு அடி இறைத்து, சுவரில் அடையாளம் வைத்து, மறுநாள் மட்டம் ஏறியிருக்கிறதா என்று பார்த்த பிறகே அடுத்த அடி.

பென்சிலால் அடையாளம் வைக்கும் பழக்கம் எனக்கும் தொற்றிக்கொண்டது. பெரியவர் வந்த அந்த நாளிலிருந்து ஒவ்வொரு மழைக்குப் பிறகும் ஈரத்தின் ஓரத்தைச் சுவரில் கோடிட்டுத் தேதி எழுதினேன். முதல் கோடு முழங்கால் உயரத்தில் இருக்கிறது. குழாயைச் சரிசெய்த பிறகு போட்டது கணுக்கால் உயரத்தில். கடைசிக் கோடு தரையைத் தொட்டுக்கொண்டு ஒரு விரல் நீளம்தான். அதற்குப் பிறகு தேதி எழுத வேண்டி வரவில்லை. சாமான்கள் எல்லாம் கால் வைத்த இரும்பு அலமாரிக்கு ஏறிவிட்டன, அட்டைப்பெட்டிகளுக்குப் பதில் மூடி போட்ட பிளாஸ்டிக் பெட்டிகள், சுவருக்கும் அவற்றுக்கும் நடுவில் ஆள் நுழையும் இடைவெளி. ஆல்பங்களில் ஒன்று மட்டும் பிழைத்தது.

“இப்பவாவது சுவருக்குப் பெயின்ட் அடிக்கலாமா?” என்று மனைவி கேட்டுக்கொண்டிருக்கிறாள். இன்னும் ஒரு மழைக்காலம் போகட்டும் என்று சொல்லியிருக்கிறேன்.